திட்டில் தண்ணீருக்கு வேறு பெயர்

உங்களுக்கும் இந்நேரம் முட்டி வலிக்க ஆரம்பித்திருக்கும். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதற்காக மேலே போகிறோம் என்று யோசிக்கிறவர்களாகிவிட்டோம் நாம். அப்படி நிற்கும்போது உங்களுக்கு என்ன வந்து சேருமோ தெரியாது. எனக்குத் தண்ணீர் வரும். டீயில் பால் கொஞ்சமாக விட்டது போல ஒரு பழுப்பு. அதன்மேல் மழைத்தூறல் குத்திக் குத்தி எடுக்கும். நடுவில், யாரோ தூக்கத்தில் புரண்டு படுத்த தோள் மாதிரி, ஒரு திட்டு.

சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இன்றைக்கும் பார்க்கலாம். கோடையில் அது திட்டே இல்லை. காய்ந்த ஏரிக்குள் மாடு மேய்கிற வெளியில் கொஞ்சம் உயர்ந்த மேடு, அவ்வளவுதான். ஐப்பசியில் கால்வாய் திறந்து, வானமும் மனம் வைத்தால், மேட்டைச் சுற்றித் தண்ணீர் ஏறும். பனைமரங்கள் இடுப்பு வரை நனைந்து நிற்கும். ஒரு நாள் காலையில் கரையில் நின்று பார்த்தால் மேடு தீவாகிவிட்டிருக்கும். இரவோடு இரவாக அதை அவிழ்த்து விட்ட மாதிரி இருக்கும்.

அந்தத் தீவில் ஏழெட்டு வீடுகள். அதில் ஒன்று என் அத்தையுடையது. என் நைனாவின் ஒரே தங்கை அவள்.

அவளை அங்கே கட்டிக்கொடுத்தது சித்திரை மாதத்தில். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன எங்கள் வீட்டுப் பெரியவர்கள், செருப்பு நனையாமல் நடந்தே போனார்கள். பூசணிக்கொடி கூரையேறிக் கிடந்தது. எருமை நின்றது. காற்று நாலு பக்கமும் வந்தது. "இன்னா காத்து, இன்னா காத்து" என்று சொல்லிக்கொண்டே வெற்றிலை மாற்றிவிட்டு வந்தார்கள். ஏரி நிறைந்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று மேடாகத் தெரிந்ததை மேடு என்றே நம்பினார்கள். அத்தைக்கு அது தீவு என்று தெரிந்தது, கல்யாணமான முதல் ஐப்பசியில்.

நான் சொல்ல வந்தது அம்மா இரண்டாவது பிரசவத்துக்கு வாலாஜாபாத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போன மழைக்காலம். என்னை அத்தையிடம் விட்டார்கள். கையில் ஒரு துணிப்பை, தலையில் எண்ணெய். நைனா கரையில் நின்றுகொண்டு, "அத்த சொல் பேச்சு கேளு, பேஜார் பண்ணாத" என்றார். மாமா என்னைக் கட்டிலில் ஏற்றினார்.

கட்டில் என்றால் கட்டில்தான். காற்றடைத்த லாரி டியூப்களின் மேல் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துக் கட்டியிருப்பார்கள். மூங்கில் கழியால் உந்துவார்கள். டியூப் வருவதற்கு முன்னால் பனந்தடிகளைச் சேர்த்துக் கட்டி ஓட்டினார்களாம். அப்போதும் அதன் பெயர் கட்டில்தான். தெப்பம் என்ற வார்த்தையைத் திட்டில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

முதல் நாளே எனக்கு அது புரிந்துவிட்டது. அங்கே பேச்சு வேறு.

அத்தைக்கு என் வயதில் ஒரு மகள். என்னைவிட அரைத்தலை உயரம், முன்பல் ஒன்று விழுந்து மற்றொன்று ஆடிக்கொண்டிருக்கும். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது சட்டென்று என் கையைக் கிள்ளினாள்.

"பேர் சொல்லாத. மாமியார் கத்துக்குவா."

"எந்த மாமியார்?"

அவள் மோவாயால் தண்ணீரைக் காட்டினாள்.

திட்டைச் சுற்றி ஏரி சூழ்ந்திருக்கிற மாதங்களில் தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லக் கூடாது. அவள் மாமியார். ஏரி நிரம்பினால் மாமியார் வந்துவிட்டாள். அலை அடித்தால் மாமியார் முணுமுணுக்கிறாள். மழை பெய்தால் சீர் இறங்குகிறது. பாம்பு என்பது கயிறு. மீன் என்பது காய், "ஒரு கூடை காய் ஆய்ஞ்சினு வந்தேன்" என்று மாமா சொன்னால் சட்டியில் கெண்டை துள்ளும். ஆழம் என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். "அந்தப் பக்கம் போகாத, ஓராள் உயரம் கீது" என்பார்கள். எனக்கு அது விளங்கப் பல நாள் ஆனது. கீழே போவதை எல்லாம் மேலே போவதாகச் சொல்கிற ஊர் அது. ஆட்களுக்கும் பெயர் கிடையாது. பெரியவர், நடுவூட்டுக்காரர், எருமைக்காரர் பொண்டாட்டி. அத்தை மகளைச் சின்னது என்றார்கள். நான் வந்த பிறகு நான் சின்னதாகி, அவள் பெரிய சின்னது ஆனாள்.

தண்ணீர் வற்றிய பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். தண்ணீர் தண்ணீராகும், மீன் மீனாகும். பருவத்துக்குப் பருவம் சட்டை மாற்றிக்கொள்கிற ஒரு பாஷை. உத்திரமேரூர்க் கோயில் சுவர்களில் எத்தனையோ எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சில் ஒரு சொல்லும் எங்கேயும் வெட்டப்படவில்லை. அது நாக்கில் இருந்தது. ஆண்டில் பாதி நாள் நாக்கிலும் இல்லை.

திட்டு எப்படி வந்தது என்பதற்குக் கதை உண்டு. கதைகள் உண்டு என்று சொல்ல வேண்டும். மாமாவின் அப்பாதான் திட்டுக்குப் பெரியவர். அவர் சொல்வது இது: ஏரி வெட்டின காலத்தில், மண் சுமந்தவர்கள் சாயங்காலம் வேலை முடிந்து கரையேறும் முன் கடைசியாக ஒரே இடத்தில் கூடையை உதறிவிட்டுப் போவார்கள். "உதறின மண்ணு சேந்து சேந்து எழுந்து நின்னுக்குச்சு. ஏரி வெட்டினவனுக்குக் கூலி குடுத்தாங்க, நெல்லு குடுத்தாங்க. குந்த ஒரு எடம் குடுக்கல. அத்தொட்டு, உதறின மண்ணுலயே குந்திக்கினாங்க. அவங்கதான் நாம."

நைனா இதைக் கேட்டால் சிரிப்பார். "கத உடாதீங்க. வரி கட்டாம ஓடி ஒளிஞ்சவங்க வம்சம் நீங்க."

அத்தை விடமாட்டாள். "ஒளிய வர்றவன் நாலு பக்கமும் தெரியற மேட்டு மேல ஏறியா குந்துவான், ண்ணா?"

"அப்ப நீதான் சொல்லேன்."

"ஏரி வெட்டறப்ப எவனோ ஒரு சோம்பேறி அவன் பங்க வெட்டாம படுத்துத் தூங்கிட்டான். அவன் வெட்டாம வுட்டதுதான் இந்தத் திட்டு. அவன் வம்சந்தான் தோ, வாயப் பொளந்துக்கினு நிக்கிறாரே, உங்க மச்சான்."

மாமா வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அத்தை எதையும் அப்படித்தான் பேசுவாள். கரையில் பிறந்தவள் என்பதால் திட்டுக்காரர்களும் அவள் கேலிப் பேச்சைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மிதக்கின்றன. காலையில் கண் விழித்தால் கூரை உள்பக்கத்தில் வெளிச்சம் நெளியும். தண்ணீரில் பட்டுத் திரும்பிய வெயில் அது. படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்போம். வீடு மெதுவாக எங்கோ போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும். தாழம்புதரிலிருந்து நாரைகள் எழும்பும் சத்தம், யாரோ ஈரத்துணியை உதறுகிற மாதிரி. எருமைகள் மூக்கு மட்டும் வெளியே வைத்து மிதக்கும். அடுப்பில் ஈர விறகு புகையும். அந்தப் புகையும் சேற்று வாசனையும் அத்தையின் மஞ்சளும் சேர்ந்த ஒரு மணம். இப்போது எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது. மத்தியானங்களில் நானும் அத்தை மகளும் கரையோரம் உட்கார்ந்து காலை மாமியார் மடியில் விடுவோம். குஞ்சு மீன்கள் வந்து விரல் நுனியைக் கடிக்கும். "காய் கடிக்குது, காய் கடிக்குது" என்று கத்துவோம்.

இனி அந்தக் கூப்பிடுகிற வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

கரையிலிருந்து திட்டுக்கு யாராவது வர வேண்டுமானால் கூப்பிட வேண்டும். கட்டில் எப்போதும் திட்டுப்பக்கம்தான் கட்டியிருக்கும். கூப்பிட்டால் மாமாவோ வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய் ஏற்றி வருவார்கள். ஆனால் முதல் கூப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டாவதற்கும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது கூப்பாடு வந்தால்தான் வாய் திறப்பார்கள்.

முதல் கூப்பாடு காதில் விழுந்ததுமே திட்டு முழுக்க அப்படியே நின்றுவிடும். நடந்தவர் நடந்த இடத்தில் நிற்பார். அடுப்பின் வாயில் சட்டியைக் கவிழ்த்துத் தணலை மூடிவிடுவார்கள். சோறு வாயில் இருந்தால் மெல்ல மாட்டார்கள். ஒரு முறை மாமா ஒரு உருண்டையை அடக்கிக்கொண்டு கன்னம் புடைக்க நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாவது கூப்பாடு வந்ததும், "தோ வந்துக்கினே கீறேன்!" என்று பருக்கை பறக்கக் கத்தினார்.

பால் வாங்க வருகிறவர், மீன் வாங்க வருகிறவர், நைனா, கரை ஊர்ச் சனம் எல்லோரும் மூன்று முறை கூப்பிடுவார்கள். பழகிப்போய், அது ஒரு வழக்கம் என்பதே யாருக்கும் நினைவில்லை.

ஏன் என்று அத்தை மகளைக் கேட்டேன். அவள் குரலை இறக்கிக்கொண்டாள். "மாமியார் கூப்பிடுவா. ஆளு மாதிரியே வந்து கரைமேல நின்னு கூப்பிடுவா. பதில் சொன்னா கூட்டிக்கினு போய்டுவா. ஆனா ரெண்டு தபாதான் அவளால முடியும். மூணாவதுக்கு மூச்சு இருக்காது."

"ஆளு மாதிரின்னா, எந்த ஆளு?"

"நாம யார ரொம்ப எதிர்பாத்துக்கினு கீறமோ, அந்த ஆளு."

அடுப்படியிலிருந்து அத்தை சிரித்தாள். "எனக்கு வாச்ச மாமியார், செத்து சொர்க்கம் போய்ச் சேந்தாளே, அவ கூப்பிட ஆரம்பிச்சா முப்பது தபா கூப்பிடுவா. ரெண்டோட நிறுத்தற மாமியார் கெடச்சிருந்தா நான் மகராசியா இருந்திருப்பேன்டி."

அந்த ஐப்பசியில் அத்தை ஒருவரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அளக்கிற ஐயாவை.

விஷயம் இதுதான். ஏரி நிறைந்தால் அத்தை மகள் பள்ளிக்கூடம் போக முடியாது. தினமும் கட்டில் ஓட்ட ஆளில்லை, காற்று அடிக்கிற நாளில் கட்டிலும் போகாது. ஆண்டில் பாதி பள்ளி, பாதி திட்டு. நான் நாலாவதில் இருந்தேன், அந்தச் சில வாரம் மட்டும் எனக்கும் பள்ளி இல்லை. அவள் இரண்டாவது வருஷமாக மூன்றாவதிலேயே இருந்தாள். என் புத்தகத்தை என்னைவிட வேகமாகப் படிப்பாள். வாத்தியார் அத்தையிடம் சொல்லிவிட்டார்: "பொண்ணுக்கு மூளை கீது, வருகை இல்ல. இந்த மழைக்கும் வரலன்னா மறுபடியும் அதே வகுப்புதான். அப்புறம் உங்க இஷ்டம்." அந்த இஷ்டம் என்னவென்று அத்தைக்குத் தெரியும். எருமைக்காரர் மகள் அப்படித்தான் நின்றுபோய் எருமை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அதனால் அத்தை நைனாவை அரித்தாள். நைனா அலைந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புறம்போக்கு மேட்டில், ஏரிக்குள் குடியிருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு மனைக்கட்டு கொடுக்கலாம், ஆனால் உண்மையிலேயே ஆளும் அடுப்பும் இருக்கிறதா என்று நேரில் பார்த்துத்தான் எழுதுவோம் என்று தாலுகா கச்சேரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் நைனா கரையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டுக் கத்தினார்.

"வெசாலக்கெழம வராரு! ஐயா வராரு! எல்லாரும் வூட்லயே இருங்க!"

"இருக்காம எங்க போவப் போறோம், சுத்தியும் மாமியாரு!" என்று அத்தை கத்தினாள். அவள் குரல் தண்ணீர் மேல் குதித்துக் குதித்துப் போனது.

பெரியவருக்கு வெளியே போவதில் விருப்பமில்லை. "மனை வெளிய கீட்டும். நாம இங்க கீறோம்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வோம் என்பதோடு சரி. அத்தைக்கு மட்டும் அது உயிர்ப்பிரச்சனையாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஒத்திகை. மாமா அளக்கிற ஐயா. வேட்டியைக் கால்சட்டை மாதிரி இரண்டு பக்கமும் சுற்றிச் செருகிக்கொண்டு, பனங்கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார்.

"இங்க யாருமா குடியிருக்கறது?"

"வணக்கம் சார். நாங்க இங்கதான் கீறோம் சார்" என்பாள் அத்தை மகள்.

"கீறோம் இல்லடி, இருக்கிறோம். வெளி ஆளு கிட்ட வெளி பேச்சு பேசணும்" என்று அத்தை திருத்துவாள்.

"இருக்கிறோம் சார். நான் படிக்கிறேன் சார்."

"இன்னா படிக்கிற? எங்க, பன்னண்டாம் வாய்ப்பாடு சொல்லு."

அவள் சொல்லுவாள். மாமாவுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியாது. சரிதானா என்று என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டியதும், "பேஷ், ஒனக்குக் கச்சேரியில வேல போட்டாச்சு" என்பார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த முகத்தை இப்போதும் பார்க்கிறேன். நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே சந்தோஷப்பட்டுக்கொண்ட முகம்.

வியாழக்கிழமை காலையில் சீர் இறங்கி ஓய்ந்திருந்தது. ஏரிமேல் பனி மாதிரி ஒரு வெள்ளை. அத்தை கோழி அடித்திருந்தாள். மகளுக்கு இரட்டைப் பின்னல், என் ரிப்பன். பெரியவர்கூடத் துண்டு மாற்றிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் தாழம்புதருக்குப் பின்னால் வந்து நின்றோம். அங்கிருந்து கரை தெரியும். கரையிலிருந்து பார்த்தால் புதரும் பனையும்தான் தெரியும். வீடுகள் அதற்குப் பின்னால்.

ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. கால்சட்டை போட்ட ஒருவர் கரைமேல் ஏறினார். அக்குளில் அட்டை. குடை. கூட நைனா இல்லை.

நைனா எங்கே போனார் என்று பிறகு தெரிந்தது. ஐயா வந்து இறங்கியதும், வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று, "ஒரு நிமிஷம் சார், தோ எளநி வெட்டிக்கினு வந்துடறேன்" என்று தோப்புக்கு ஓடியிருக்கிறார். மரியாதை தெரிந்த மனிதர்.

ஐயா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"யாருப்பா அங்க? ஆளுங்க இருக்கீங்களா?"

திட்டு நின்றுவிட்டது.

நான் அன்று புரிந்துகொள்ளாததை இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜீப் தெரிகிறது. கால்சட்டை தெரிகிறது. அவருக்காகத்தான் தலை வாரிக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் அதுவேதான் பயம். நாம் யாரை ரொம்ப எதிர்பார்த்தோமோ, அந்த ஆளாகவே வந்து நின்றிருக்கிறாரே? எருமைக்காரர் மட்டும் சத்தமில்லாமல் போய் அடுப்பை மூடிவிட்டு நின்றார். நாய்கூட வாலைத் தாழ்த்திக்கொண்டது. பெரியவர் கையை உயர்த்தினார். இருங்கள், இன்னும் இரண்டு.

வெள்ளைப் பனிக்குள்ளிருந்து மறுபடியும் வந்தது.

"அங்க யாராவது இருக்கீங்களா?"

அத்தை மகள் மூச்சை இழுத்தாள். எனக்குக் கேட்டது. விழுந்த பல்லின் சந்தில் காற்று நுழைகிற சத்தம். வணக்கம் சார் என்பது அவள் தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போது அத்தையின் கை வந்தது. வலது கை மகளின் வாயில். இடது கை என் வாயில். மஞ்சளும் கோழி இறகும் மணத்த கை. அழுத்தின அழுத்தத்தில் என் பல் உதட்டில் பதிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை எங்களைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. "கூப்பிடு, சாமி. இன்னொரு தபா. ஒரே ஒரு தபா கூப்பிடு."

ஐயா குடையை மடக்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அட்டையில் ஏதோ எழுதினார். திரும்பிச் சரிவில் இறங்கினார். ஜீப் இருமிக்கொண்டு கிளம்பியது.

ஒருவரும் அசையவில்லை. மூன்றாவது கூப்பாடு வராமல் எப்படி அசைவது? கோழிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு நாரை வந்து எங்களுக்கு முன்னாலேயே இறங்கி, எங்களை மரம் என்று நினைத்துக்கொண்டு நின்றது.

பிறகு கரைமேல் நைனா ஏறி வந்தார், இரண்டு கையிலும் இளநீரோடு. இடமும் வலமும் பார்த்தார். சாலையில் தேய்ந்துபோகிற ஜீப்பைப் பார்த்தார். இளநீரைக் கீழே வைத்துவிட்டு, வழக்கப்படி,

"தங்கச்சீ!" என்றார்.

"தங்கச்சீ!"

"தங்கச்சீ!"

அவ்வளவுதான். திட்டு வெடித்தது. பெரியவர், எருமைக்காரர், நடுவூட்டுக்காரர், அவர்கள் பெண்டாட்டிகள், பிள்ளைகள், எல்லோரும் ஒரே குரலாக, "கீறோம்! கீறோம்! இங்கதான் கீறோம்!" என்று கத்தினார்கள். நாய் குரைத்தது. எருமை கத்தியது. நாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பி வானத்தை மூடியது. அடக்கி வைத்த அத்தனை பதிலும் சேர்ந்து ஏரியைக் கடந்து போய், இளநீரோடு தனியாக நின்ற நைனாவின் மேல் விழுந்தது.

"அவர் கூப்டப்ப ஏன்டி பதில் சொல்லல?" என்று நைனா கத்தினார்.

"மூணாவது கூப்பிடலியே ண்ணா!"

நைனா தலையில் அடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

'ஏரிக்குள் மேடு. பனைமரங்கள் உள்ளன. குடியிருப்போர் இல்லை.' அப்படித்தான் எழுதிப் போயிற்றாம். நைனா மறுபடி போய்ச் சொல்லிப் பார்த்தார். "நேர்ல போய் ரெண்டு தடவ கூப்பிட்டேனே, காக்கா கூட பதில் சொல்லலியே" என்றாராம் ஐயா. அதில் பொய் ஒன்றுமில்லை.

ஆளாளுக்கு ஒருவரைக் குற்றம் சொன்னார்கள். நைனா திட்டுக்காரர்களை முட்டாள் ஜனங்கள் என்றார். குழந்தையோடு திரும்பி வந்த அம்மா, "அந்த நேரத்துல எளநி கேட்டுச்சா?" என்று நைனாவை வறுத்தாள். மாமா, "நீ கேலி பண்ணிக்கினே இருந்தியே, அதான் மாமியார் வேலைய காட்டிட்டா" என்று அத்தையைச் சொன்னார். பெரியவர் மட்டும் நிம்மதியாகப் புகையிலை மென்றார்.

அத்தை யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அம்மா ஒரு நாள் கேட்டாள்: "நீதான் அதயெல்லாம் நம்பறவ இல்லையே. புள்ள வாய ஏன் பொத்தின?"

"நம்பலதான் அண்ணி. இன்னிக்கும் நம்பல" என்றாள் அத்தை. "ஆனா நெசமா இருந்துட்டா இன்னா பண்றதுன்னு ஒரு நொடி தோணுச்சு. கை தானா போயிடுச்சு. மனை போனா போவுது."

அம்மா அதை முட்டாள்தனம் என்று நினைத்தாள். எல்லோருமே நினைத்தார்கள். இந்த வயதில், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்து, எந்தச் சாமிக்கென்று தெரியாமல் முடிச்சுப் போட்டுப் பழகிய பிறகு, எனக்கு அந்தக் கை நன்றாகப் புரிகிறது. உங்களுக்கும் புரியும். நம்பாதவர்களுக்கும் கை இருக்கிறது.

மனை போனதும் அத்தை வேறு ஒன்று செய்தாள். என்னைக் கரையில் கொண்டுவந்து விட்ட நாளில், கட்டிலிலிருந்து இரண்டு துணிப்பைகள் இறங்கின. ஒன்று என்னுடையது.

"உன் பொண்ணோட பொண்ணா கீட்டும் ண்ணா. இவளும் பள்ளிக்கூடம் போவட்டும்."

அத்தை மகள் அழவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை. அத்தை அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கழியை ஊன்றினார். கட்டில் திரும்பிப் போனபோது அதில் அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கரையில் நாங்கள் இரண்டு பேர் மிச்சம்.

அந்த மழைக்காலமும் அதற்குப் பிறகு பனிக்காலமும் அவள் எங்கள் வீட்டில் என் பாயில் படுத்தாள். பள்ளிக்கூடத்தில், "வாத்தியாரே, கயிறு!" என்று கத்தி, வகுப்பே கயிற்றைத் தேடியது. "மாமியார் வேணும்" என்று சொம்பை நீட்டி எங்கள் அம்மாவைத் திகைக்க வைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மாசி வருவதற்குள் அவள் வெளிப் பேச்சு பேசப் பழகிவிட்டாள். எனக்குத்தான் அவள் பழைய பேச்சு மறக்கவில்லை. தூக்கத்தில் மட்டும் சில சமயம் அவளுக்கு அது வரும். பக்கத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்கும்.

இப்போது திட்டில் யாருமில்லை. பெரியவர் போனார், பிறகு ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். ஒருவர் செங்கல்பட்டுக்கு, ஒருவர் வாலாஜாபாத் அரிசி ஆலைக்கு. அந்தக் கட்டில் என்ன ஆனது என்று கேட்டேன், யாருக்கும் ஞாபகமில்லை. கருவேலம் மண்டிக் கிடக்கிறது. குடியிருப்போர் இல்லை என்று எழுதினது அன்றைக்குப் பொய். எழுதிவிட்டதால், காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் மெய்யாகிவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வருஷம் பங்குனிக் கடைசி. ஏரி வற்றி, ஓரங்களில் சேறு வெடிக்க ஆரம்பித்திருந்தது. முழுப் பரீட்சையின் கடைசி நாள். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தை நெருங்கியபோது வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். நடந்தே வந்திருக்கிறாள். ஏரியின் நடுவில் இன்னும் முழங்கால் அளவு சேறு. புடவை அதற்குமேல் தூக்கிச் செருகியிருந்தது. கால் இரண்டும் சாம்பல் நிறத்தில் பூசியது மாதிரி.

அத்தை மகள் ஓடினாள். அத்தை இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராத, சேறு! சட்ட அழுக்காய்டும். போ, போய் எழுது. நான் இங்கியே கீறேன்."

பள்ளிக்கூடத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் அவள் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அங்கேயே இருந்தாள். வெயில் நகர நகர அவளும் நிழலோடு நகர்ந்தாள்.

மணி அடித்து நாங்கள் வெளியே வந்தபோது அத்தை எழுந்து நின்றாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. ஒரு கணம் அவள் கண்கள் எங்களைத் தாண்டிப்போய்த் தேடின. பிறகு கண்டுகொண்டன.

"அல்லாத்துக்கும் பதில் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"ஒண்ணுகூட வுடலியே?"

"ஒண்ணுகூட வுடலம்மா."

அத்தை தலையை ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள். மகளின் உதட்டோரத்தில் பேனா மை ஒட்டியிருந்தது. யோசிக்கும்போது பேனாவைக் கடிக்கிற பழக்கம் அவளுக்கு. அத்தை முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, அந்த வாயை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள். மை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.